61 வயதில் சேஸிஸ் ஓட்டப் போகலாமா?

வாசகர் கடிதம்: "டாக்டரம்மா, அரசு பஸ்ஸில் 31 வருசம் டிரைவராக இருந்துவிட்டுப் போன வருசம் ரிட்டயர் ஆனேன். ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். வயது 61. சர்க்கரை எட்டு வருசமாக இருக்கிறது, காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்று போடுகிறேன். பி.பி. மாத்திரையும் உண்டு. வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. நாமக்கல் பாடி பட்டறைகளுக்கு வரும் புது லாரி சேஸிஸை, அதாவது பாடி கட்டாத வண்டியை, ஜார்க்கண்டில் இருக்கும் டாடாநகரிலிருந்து ஓட்டி வரும் வேலைக்கு ஒரு ஏஜெண்டு கூப்பிடுகிறார். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருவார்களாம், டீசல் தனி. சம்சாரம் 'ஓட்டுனது போதாதா, வயசான காலத்துல எங்கியோ போயி எதுக்குச் சிரமப்படோணும்' என்கிறாள். இந்த வயதில் ஹெவி ஓட்டச் சட்டம் விடுமா? உடம்பு தாங்குமா? வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கிற மாதிரி நீங்கள் என்னையும் பார்த்துச் சொல்லுங்கள்."

அண்ணா,

என் அப்பாவும் சேஸிஸ் ஓட்டியவர்தான். எண்பதுகளில் இப்போது மாதிரி கேபினோடு வண்டி வராது. இன்ஜின், ஸ்டியரிங், சக்கரம், நீட்டமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். ஒரு மரப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு ஓட்டி வருவார். வீட்டுக்கு வந்து துண்டை அவிழ்த்தால் கண்ணைச் சுற்றி மட்டும் செம்மண் பூசிய மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அம்மா வெந்நீர் வைத்து ஊற்றுவார். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் ஒன்றரை நாள் எழுந்திரிக்க மாட்டார். எழுந்ததும் அடுத்த ட்ரிப்பு. "ஓட்டும்போது ஒருநாளும் நான் கண்ணசந்ததில்லை அம்மிணி" என்று கடைசிவரை சொன்னார். அவரோடு செட்டாகப் போனவர்கள் பின்னாளில் என்னிடம் சொன்ன கதை வேறு.

இன்று டிரைவர்களுக்குப் படிவம் 1-ஏ மருத்துவச் சான்றில் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்துக்கு விரிவாகவே எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்குப் போகலாம். ஆனால் டாடாநகருக்கு இப்போது வேண்டாம். லாரி தொழிற்சாலை உள்ள ஓசூர், எண்ணூர் மாதிரி ஒரு நாளில் முடிகிற ஓட்டத்தில் ஆரம்பியுங்கள். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெவி ஓட்டுவதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. போக்குவரத்து வாகனம் ஓட்டும் லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று வேண்டும். காலாவதி ஆவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அது இல்லை. முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ரிட்டயர் ஆனவர்கள் லைசென்ஸைப் பீரோவில் வைத்து மறந்துவிடுகிறார்கள், தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, உங்களுடையது பழைய லைசென்ஸ். 1994-க்கு முன்பு பயணிகள் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் தனித்தனியாக எழுதித் தருவார்கள். உங்களுடையதில் 'போக்குவரத்து வாகனம்' என்று பொதுவாக இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். 31 வருடம் பஸ் ஓட்டியவர் லாரியில் போய் விபத்தாகும்போது 'இந்த வகைக்கு லைசென்ஸ் இல்லை' என்று காப்பீட்டுக்காரர் சொல்லிவிடக் கூடாது.

சரி, உடம்புக்கு வருவோம்.

படிவம் 1-ஏ என்ன கேட்கிறது தெரியுமா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, சாதாரண ஹாரன் சத்தம் கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, இந்த மாதிரிதான். நீங்கள் இதில் பாஸ் ஆகிவிடுவீர்கள். எனக்குக் கவலை எல்லாம் அந்தப் படிவம் கேட்காத விஷயங்களில்தான்.

முதலாவது உங்கள் சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. டிப்போவில் இருந்தவரை உங்களுக்கு எட்டரைக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு என்று ஒரு கணக்கு இருந்திருக்கும். நெடுஞ்சாலையில் அந்தக் கணக்கு இருக்காது. 'அடுத்த தாபாவில் பார்த்துக்கலாம்' என்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போனால், மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று முதலில் அடையாளம் காட்டும். எட்டுப் பத்து வருடம் சர்க்கரை இருந்தவர்கள் சிலருக்கு அந்த அடையாளமே மழுங்கிப்போய்விடும். நேராகக் குழப்பம்தான் வரும். தான் குழம்பியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த ஆபத்து இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள சர்க்கரை மாத்திரைகள் இருக்கின்றன. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் 'நான் ஹெவி ஓட்டப் போகிறேன்' என்று சொல்லுங்கள், அந்த ஒரு வரி போதும், அவர் மாத்திரையை யோசித்து மாற்றித் தருவார். மாற்றினாலும் இல்லாவிட்டாலும் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கில் உட்காரும் முன்பு 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கிளிமிபிரைடு தொடரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். டேஷ்போர்டில் வைத்தால் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது.

இரண்டாவது கால். போன வருடம் ஒருவர் வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும், டிப்பர் ஓட்டுகிறவர். வலது காலில் சின்னப் புண், ஆறவில்லை என்று காட்ட வந்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: "செருப்புக் கழண்டு பெடலுக்கு அடியில போனதே தெரியல டாக்டரம்மா, வண்டிய நிறுத்தி இறங்குறப்பத்தான் பார்த்தேன்." அவர் அதைச் செருப்பைப் பற்றிய செய்தியாகச் சொன்னார். எனக்கு முதுகு சில்லிட்டுவிட்டது. நைலான் இழை ஒன்றால் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, 'இன்னும் தொடலீங்களா' என்றார். அதற்குள் ஐந்து இடம் தொட்டிருந்தேன். பிரேக் மேல் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம்தான் மூளைக்குச் சொல்ல வேண்டும். சர்க்கரை அந்த நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. செய்துகொள்ளாமல் போகாதீர்கள்.

கண்ணுக்கும் அதே மாதிரிதான். 25 மீட்டர் போர்டைப் பகலில் படித்துவிடலாம். இரவில் எதிரே ஹை பீம் போட்டு ஒருவன் வரும்போது, அவன் கடந்துபோன பிறகு எத்தனை நொடி உங்களுக்குச் சாலை தெரியாமல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. புரை ஆரம்பித்திருந்தால் அந்த நொடிகள் கூடும். கண் விழித்திரையில் சர்க்கரை ஏதாவது செய்திருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்ட அன்று மட்டும் வண்டி ஓட்டாதீர்கள், கண் கூசும்.

மாத்திரைகளில் இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும், ட்ரிப்பில் இருக்கும்போது வாங்கிப் போடாதீர்கள். அப்புறம் புராஸ்டேட்டுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு உட்கார்ந்து எழுந்ததும் தலை கிறுகிறுக்கும். லாரி கேபின் பஸ் படிக்கட்டு மாதிரி இல்லை. முகத்தைக் கேபின் பக்கம் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு காலாக இறங்க வேண்டும். வாலிபத்தில் குதித்து இறங்கியவர்கள்தான் 60-க்கு மேல் இடுப்பெலும்பு உடைந்து என்னிடம் வருகிறார்கள். ஒன்னுக்குப் போக நிறுத்த வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதும் கூடாது. ஆந்திரக் கடற்கரை வெயிலில் அது கிட்னிக்குச் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல.

இனி தூக்கம். நான் டாடாநகர் வேண்டாம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

நீங்கள் பஸ் ஓட்டியபோது நேரம் உங்கள் கையில் இல்லை, டைம் கீப்பர் கையில் இருந்தது. அதில் தொல்லைகள் இருந்தாலும் ஒரு நன்மை இருந்தது: டியூட்டி முடிந்தது என்று ஒருவர் சொல்லுவார். சேஸிஸ் வேலையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ட்ரிப்புக்கு மொத்தக் காசு என்றால் அதன் அர்த்தம், சீக்கிரம் வந்தால் சீக்கிரம் அடுத்த ட்ரிப்பு. ஆறு நாளில் வந்தாலும் நாலு நாளில் வந்தாலும் அதே தொகை. டீசலும் அளந்துதான் தருவார்கள், மிச்சம் பிடித்தால் உங்களுக்கு. ஆக, தூங்காமல் ஓட்டினால் லாபம், நியூட்ரல் போட்டு இறக்கத்தில் விட்டால் லாபம் என்று அந்தக் கூலி முறையே உங்கள் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியாததா? நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் பிடிக்காது, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து லைனிங் காய்ந்து, ஏர் இறங்கி, கடைசியில் மிதித்தால் ஒன்றும் இருக்காது. அங்கே நடந்த விபத்துகளில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு லிட்டர் டீசலுக்காக நடந்தது என்று பின்னால் தெரியவரும்போது மனசு ஆறுவதில்லை.

டாடாநகரிலிருந்து ஒடிசா, ஆந்திரா வழியாக நாமக்கல்லுக்குச் சுமார் 2000 கிலோமீட்டர். சரக்கு வண்டிக்கு நாலுவழிச் சாலையில் வேக உச்சவரம்பு 80. டோல், ஊர், டிராஃபிக் எல்லாம் சேர்த்துச் சராசரி 45 முதல் 50 வரும். நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 360 முதல் 400 கிலோமீட்டர். ஐந்து, ஆறு நாள் ஆக வேண்டும். 8 மணி நேரம் என்பது என் கணக்கில்லை, 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த அளவு அது. 5 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. உங்கள் வயதுக்கு நான் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கச் சொல்வேன்.

'சீக்கிரம் வரணும், பேப்பர் டைம் முடிஞ்சிரும்' என்று ஏஜெண்டு சொன்னால் நம்பாதீர்கள். புது வண்டியோடு வரும் இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோவதற்கான இணையவழிச் சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். 2000 கிலோமீட்டருக்கு 10 நாள். அரசாங்கமே 10 நாள் கொடுத்திருக்கும்போது நாலு நாளில் வா என்று சொல்வது யாருக்காக?

அந்த நாலு நாள் ஓட்டத்தில் என்ன நடக்கும் என்று உடம்பின் பக்கமிருந்து சொல்கிறேன். ஒரு மனிதன் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், அவனுடைய கவனமும் கை கால் வேகமும் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவன் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நம் சட்டத்தில் குடித்து ஓட்டுவதற்கான வரம்பு 30 மில்லிகிராம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு ஸ்டியரிங்கில் இருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த நிலையில் இருக்கிறார். இதில் விடியற்காலை 2 முதல் 5 மணிவரை உடம்பின் கடிகாரமே தூங்கச் சொல்லும் நேரம். அப்போது மூன்று நொடி கண் சொருகினால் போதும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 50 மீட்டர் தானாகப் போயிருக்கும். டீ, பீடி, முகத்தில் தண்ணீர் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து.

பலர் கணக்கில் சேர்க்காத இன்னொன்று, போகும் பயணம். வண்டி எடுக்க டாடாநகருக்கு ரயிலில் போக வேண்டும். ரிசர்வேஷன் கிடைக்காமல் பொதுப்பெட்டியில் உட்கார்ந்தும் நின்றும் இரண்டு இரவு. இறங்கியதும் யார்டில் காத்திருப்பு, அதுவும் மரத்தடியில். அப்புறம் சாவியை வாங்கி ஸ்டியரிங்கில் உட்காருகிறார்கள். ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பே மூன்று நாள் தூக்கம் கடன். போன மாதம் காலை ஏழு மணிக்கு, சேஸிஸைப் பட்டறையில் விட்டுவிட்டு நேராக என் கிளினிக்குக்கு ஒருவர் வந்தார். பி.பி. பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறேன், அது கையை இறுக்குகிறது. எங்களுக்கெல்லாம் வலிக்கும் அந்த இறுக்கத்தில், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். பி.பி. 170 இருந்தது. நான் எழுப்பவில்லை. நர்ஸிடம் சொல்லி உள்ளே கட்டிலில் படுக்க வைத்தோம், மத்தியானம் வரைக்கும் தூங்கினார். அரை மணி நேரம் முன்புவரை அவர் கையில் ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி இருந்தது.

இதெல்லாம் சொல்வதால் உங்களைப் பயமுறுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் இருக்கும் அனுபவம் சின்னதில்லை. ஆனால் வெறும் சேஸிஸ் பஸ் மாதிரி நடந்துகொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள். பஸ்ஸில் பாடியின் எடையும் ஐம்பது பேர் எடையும் பின்சக்கரத்தை ரோட்டில் அழுத்தி வைத்திருந்தது. சேஸிஸில் பின்னால் ஒன்றும் இல்லை. சட்டென்று மிதித்தால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டு இழுக்கும், மழை ரோட்டில் இன்னும் மோசம். புது வண்டிகளில் சக்கரம் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது என்றாலும் பஸ்ஸில் விட்டதைவிட இடைவெளி அதிகமாக விடுங்கள். குண்டும் குழியுமான இடத்தில் இடுப்புக்கு விழும் அடியும் அதிகம்.

கேபின் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். என் அப்பா இதைப் பார்க்க இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் கரூர் பட்டறைகளுக்குப் போகும் பஸ் சேஸிஸ்களில் இன்னும் கேபின் இல்லாமல் முன்முகத்தோடு மட்டும் வருபவை உண்டு. பழகிய ரகம்தானே என்று அதை எடுக்காதீர்கள். காற்றும் புழுதியும் நேராக முகத்தில் அடிக்கும், கண் காய்ந்துபோகும், காதுக்குள் இரைச்சல் நாள் முழுக்க. உங்களுக்குக் கேபின் உள்ள வண்டி மட்டும்தான்.

அதனால்தான் ஓசூர் சொன்னேன். ஓசூரிலிருந்து நாமக்கல் சுமார் 200 கிலோமீட்டர். காலையில் பஸ்ஸில் போய் வண்டியை எடுத்துப் பகலிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு ராத்திரி வீட்டில் படுக்கலாம். எண்ணூர் என்றால் முதல்நாள் ராத்திரி அங்கே ஒரு லாட்ஜில் தூங்கிவிட்டு விடியலில் எடுங்கள். ஒரு ட்ரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழுசாக ஒரு நாள். மூன்று மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள், எத்தனை மணி நேரம் ஸ்டியரிங்கில், சர்க்கரை எவ்வளவு, பி.பி. எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டிப்போவில் லாக் ஷீட் எழுதிய கை, இது உங்களுக்குக் கஷ்டமில்லை. அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாடாநகரைப் பற்றிப் பேச முடியும். அப்போதும் இரண்டு டிரைவராகப் போகிற ட்ரிப்பு, இரவு பத்துக்கு நிறுத்துகிற ட்ரிப்பு என்றால் மட்டும்தான் நான் சரி என்பேன். வரிசையாகப் பத்து வண்டி சேர்ந்து வரும் கான்வாயில் சேராதீர்கள். முன்னால் போகிற முப்பது வயதுப் பையன் வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டிவரும்.

ஏஜெண்டிடம் பேசும்போது கூச்சப்படாமல் சிலதைக் கேட்டுவிடுங்கள். போகிற டிக்கெட் யார் செலவு? வழியில் வண்டி நின்றால் காத்திருக்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? தாபாவில் பேட்டரியோ ஸ்டெப்னியோ களவு போனால் யார் தலையில்? யார்டை விட்டு எடுக்கும்போதே வண்டியைச் சுற்றிவந்து, டயர், கண்ணாடி, ஸ்டெப்னி, டூல்ஸ், டீசல் முள், கிலோமீட்டர் எல்லாம் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) டேங்க்கையும் பாருங்கள், அது தீர்ந்தால் நடுவழியில் வண்டி இழுக்காது. தற்காலிகப் பதிவுத் தாள், காப்பீடு, பில், இ-வே பில் நாலும் கையில் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் பெயரும் வண்டியின் சேஸிஸ் நம்பரும் தேதியும் போட்டு 'இவரை இந்த ட்ரிப்புக்கு அனுப்புகிறோம்' என்று ஒரு கடிதம் வாங்குவது. உரிமையாளரே ஓட்டுவதற்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு என்று பாலிசியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது உரிமையாளருக்கு, சம்பளத்துக்கு ஓட்டும் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தரச் சட்டம் இருக்கிறது. வயது ஏற ஏறத் தொகை குறையும், ஆனால் 65 தாண்டினாலும் இல்லாமல் போகாது. அதைக் கேட்க வேண்டுமானால் யார் உங்களை வேலைக்கு அனுப்பினார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும். என் அப்பா ஒருமுறை கால் முறிந்து நாலு மாதம் படுத்திருந்தபோது அனுப்பிய ஏஜெண்டு, 'அவர் யாருன்னே தெரியாது' என்றார். எங்களிடம் காகிதம் இல்லை. அம்மா தோட்டை அடகு வைத்தார்.

வங்கியில் பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். வருடம் 20 ரூபாய், 70 வயதுவரை உண்டு, விபத்தில் இறந்தால் 2 லட்சம். பென்ஷன் வரும் கணக்கிலிருந்தே அதுவாகப் பிடித்துக்கொள்ளும்.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தடுப்பதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 31 வருடம் நைட் சர்வீஸ் போய்விட்டு நீங்கள் எந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள் என்பதைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். அதோடு எனக்கு அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் குறட்டை விடுவீர்களா, குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாத மாதிரி இருந்து, அப்புறம் திணறிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்குமா? அப்படி இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் உங்கள் மூளை தூங்கவில்லை என்று அர்த்தம், பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் சொருகும். பி.பி., சர்க்கரை உள்ளவர்களுக்கும் கழுத்து தடித்தவர்களுக்கும் இது அதிகம். சரிசெய்யக் கருவி இருக்கிறது, ஆனால் இருப்பதாகத் தெரிந்தால் சிகிச்சை எடுத்துச் சரியாகும்வரை ஓசூர் ட்ரிப்புகூட வேண்டாம்.

இதைத் தூங்குகிறவர் சொல்ல முடியாது. நீங்கள் 'எனக்குக் குறட்டையே இல்லை' என்பீர்கள். அதனால் பரிசோதனைக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னிடம்தான் வருவதென்றால் காலையில் வெறும் வயிற்றோடு மாத்திரை போடாமல் வாங்க, சர்க்கரை பார்த்ததும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். பழைய சீட்டுகளையும் லைசென்ஸையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.